ஒய் அழுத்துறதுக்கு முன்னாடி

சிஸ்டத்துக்கு அப்டேட் வந்திருக்குன்னு திரையோட மூலையில ஒரு சின்ன அறிவிப்பு எட்டிப்பாக்கும், முக்காவாசி பேரு அத க்ளோஸ் பண்ணிட்டு அவங்க வேலைய பாக்கப் போயிடுவாங்க, மிச்ச பேரு சரின்னு அழுத்திட்டு உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாம அந்தக் கோடு மெதுவா நகர்றத பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. நான் ரொம்ப வருஷமா என் மெஷின் எல்லாத்தையும் டெர்மினல்ல, அதாவது கமாண்ட்ட டைப் பண்ணி வேலை வாங்குற ஜன்னல்லதான் அப்டேட் பண்றேன். காரணம் ஒண்ணே ஒண்ணுதான். டெர்மினல் என்ன செய்யப்போறேன்னு முதல்ல சொல்லும், சரியான்னு கேக்கும், அதுக்கப்புறம்தான் கை வைக்கும். ஆனா அது சொல்றத நாம படிச்சாத்தான் அந்த வசதிக்கே அர்த்தம். நிறைய பேரு கமாண்ட்ட எங்கிருந்தோ காப்பி பண்ணி ஒட்டிட்டு, கூடவே எல்லாத்துக்கும் சரின்னே எடுத்துக்கோங்கிற மைனஸ் ஒய்யும் (-y) சேத்துப் போட்டுட்டு எழுந்து போயிடுறாங்க, எனக்கு அதுதான் மனசு ஆறல, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

நான் பேசப்போறது பெரும்பாலும் டெபியன், உபுண்டுங்கிற லினக்ஸ் சிஸ்டங்கள் பக்கம், ஏன்னா தினமும் புழங்குறது அதுலதான். டெபியன் 1993ல ஆரம்பிச்சது, சாஃப்ட்வேர இறக்கி அப்டேட் பண்ற ஆப்ட்ங்கிற டூல் அதோட ஸ்டேபிள் ரிலீஸ்ல, அதாவது சோதிச்சு முடிச்ச வெர்ஷன்ல, சேர்ந்தது 1999ல வந்த 2.1ல. அதுக்குக் கீழ டிபிகேஜின்னு இன்னொரு டூல் இருக்கு, அது ஆப்ட்டவிடப் பழசு. ரெண்டுக்கும் வேலை வேற. எந்த பேக்கேஜ் (கட்டிவெச்ச சாஃப்ட்வேர் மூட்டை) வேணும், அதுக்கு என்னென்ன துணை வேணும், எங்கிருந்து இறக்கணும்னு கணக்குப் போடுறது ஆப்ட், இறக்கினத பிரிச்சு டிஸ்க்ல வைக்கிறது டிபிகேஜி. ஏதாவது எரர் வந்தா அது இந்த ரெண்டுல யாரு போட்டதுன்னு பாத்தாலே பாதி வழி தெரிஞ்சிடும்.

சரி, சூடோ ஆப்ட் அப்டேட்னு (sudo apt update) அடிக்கிறோம், சூடோன்னா அட்மின் அதிகாரத்தோட ஓட்டுன்னு அர்த்தம். சரசரன்னு வரிகள் ஓடும், ஒவ்வொரு வரியும் ஹிட், கெட், இக்ன் இப்படி ஏதாவது ஒண்ணுல ஆரம்பிக்கும். ஹிட்னா அந்தப் பட்டியல் ஏற்கனவே உங்ககிட்ட இருக்கு, மாற்றம் எதுவும் இல்ல. கெட்னா புதுசா இறக்கியிருக்கு. இக்ன்னா அந்த ஃபைல் கிடைக்கல, ஆனா அது இல்லாமலே சமாளிச்சுக்கலாம்னு தாண்டிப் போயிடுச்சு. எர்ர்னு ஒரு வரி வந்தா மட்டும் அங்கேயே நின்னு என்னன்னு பாக்கணும். இந்த நேரம் வரைக்கும் உங்க மெஷின்ல ஒரு சாஃப்ட்வேரும் மாறல, பட்டியல் மட்டும்தான் புதுசாயிருக்கு. இது புரியாம அப்டேட் கமாண்ட்ட மட்டும் அடிச்சுட்டு என் சிஸ்டம் அப்டேட்டா இருக்குன்னு நினைச்சுட்டு இருக்கிறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன். நிஜமா மாத்துறது அடுத்து வர்ற ஆப்ட் அப்கிரேட்.

அந்தப் பட்டியல் இறங்குற விதத்துல ஒரு அழகு இருக்கு. இன்ரிலீஸ்னு ஒரு ஃபைல் முதல்ல வரும், அதுல டெபியன்காரங்களோட டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். அந்த ஃபைலுக்குள்ள பேக்கேஜ் பட்டியல்களோட எஸ்எச்ஏ 256 ஹாஷ், அதாவது ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நம்பர், இருக்கும். பேக்கேஜ் பட்டியலுக்குள்ள ஒவ்வொரு டெப் ஃபைலோட (பேக்கேஜ் ஃபைலோட) ஹாஷும் இருக்கும். ஆக ஒரு கையெழுத்த சரிபார்த்தா போதும், அதுலருந்து சங்கிலி மாதிரி கடைசி ஃபைல் வரைக்கும் சரிபார்த்துடலாம். உலகத்துல எந்த மூலையில இருக்கிற மிரர்லருந்து (நகல் வெச்சிருக்கிற சர்வர்லருந்து) இறக்கினாலும், அந்த மிரர யாரு நடத்துறாங்கன்னே தெரியலன்னாலும், ஒரு பைட் மாறியிருந்தா ஆப்ட் ஏத்துக்காது. அதனாலதான் கையெழுத்து சாவி இல்லைன்னு எரர் வர்றப்போ, டிரஸ்டட் ஈக்குவல் எஸ்னு, எங்கிருந்து இறக்கணும்னு எழுதியிருக்கிற சோர்ஸ் ஃபைல்ல ஒரு வார்த்தைய சேத்துடுங்க சரியாயிடும்னு யாராவது சொன்னா எனக்கு பதறும். சரியாகாது, சரிபார்க்கிறதுதான் நின்னுபோகும். அந்த பேக்கேஜ் களஞ்சியத்த நடத்துறவங்க குடுத்திருக்கிற சாவிய முறையா போடுறதுக்கு கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், ஆகட்டும்.

இந்த சங்கிலியும் ஒரு தடவ அடி வாங்கியிருக்கு. 2019 ஜனவரியில ஆப்ட் எச்டிடிபி ரீடைரக்ட, அதாவது ஒரு சர்வர் வேற முகவரிக்குத் திருப்பி விடுறத, கையாளுற இடத்துல ஒரு ஓட்டை இருக்கிறது தெரிய வந்துச்சு, நடுவுல உக்காந்திருக்கிற ஒருத்தர் போலி பேக்கேஜ உள்ள தள்ள முடியும்ங்கிற அளவுக்கு மோசமான ஓட்டை. அத அடைக்கிற அப்டேட்டும் அதே ஆப்ட் வழியாத்தான வரணும். அதனால டெபியன் அறிவிப்புலயே, இந்த ஒரு அப்டேட்ட மட்டும் ரீடைரக்ட ஆஃப் பண்ணிட்டு போடுங்கன்னு கமாண்ட்ட எழுதியே குடுத்திருந்தாங்க. செக்யூரிட்டி அறிவிப்ப படிச்சவங்களுக்கு மட்டும்தான் அது தெரிஞ்சிருக்கும்.

இப்போ அப்கிரேட். கமாண்ட்ட அடிச்சதும் ஆப்ட் ஒரு பட்டியல் போடும். எது எது புதுசாகப்போகுது, கூட என்ன புதுசா வரப்போகுது, எது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கு, எது நீக்கப்படப்போகுது, எவ்வளவு இறங்கணும், டிஸ்க்ல எவ்வளவு இடம் போகும். கடைசியா ஒய்யா (Y, சரி) என்னா (N, வேண்டாம்)ன்னு கேட்டுட்டு காத்திருக்கும். இந்த இடத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க. நான் முதல்ல பாக்குறது நீக்கப்படப்போகுதுங்கிற தலைப்புக்குக் கீழ என்ன இருக்குன்னுதான். சாதாரண அப்கிரேட் எதையும் நீக்காது, நீக்கினாத்தான் முடியும்னா அந்த பேக்கேஜ அப்படியே விட்டுட்டுப் போயிடும். ஃபுல் அப்கிரேட் போட்டா நீக்கும். அதனால ஃபுல் அப்கிரேட்டுன்னா அந்தத் தலைப்ப ஒவ்வொரு பேரா படிக்கணும். பழைய கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி), பேர் மாறிப்போன லைப்ரரி (பல புரோக்ராம் பகிர்ந்துக்கிற கோட்) இதெல்லாம் இருந்தா சரி. டெஸ்க்டாப் பேரோ நெட்வொர்க் மேனேஜர் பேரோ அதுல கண்ணுல பட்டா N அழுத்திட்டு வெளிய வந்துடணும், ஏன்னு கண்டுபிடிச்சதுக்கு அப்புறம்தான் மறுபடி உள்ள போகணும்.

இது நடக்கவே நடக்காத விஷயம் இல்ல. 2021 நவம்பர்ல வெளிவந்த ஒரு வீடியோவுல லைனஸ் செபாஸ்டியன், பெரிய யூட்யூப் சேனல் வெச்சிருக்கிறவரு, லினக்ஸ்ல கேம் விளையாடிப் பாக்குற ஒரு தொடருக்காக உபுண்டு வழி வந்த பாப் ஓஎஸ்ஸ போட்டாரு. கேம் வாங்கி விளையாடுற ஆப்பான ஸ்டீம இன்ஸ்டால் பண்ணப் போனா கிராஃபிக்ஸ் டூல் முடியாதுன்னு சொல்லிடுச்சு, டெர்மினலுக்கு வந்தாரு, அங்க அத்தியாவசியமான பேக்கேஜெல்லாம் நீக்கப்படும், நிச்சயம் வேணும்னா எஸ், டூ அஸ் ஐ சேன்னு முழுசா டைப் பண்ணுங்கன்னு கேட்டுச்சு, அவரும் டைப் பண்ணாரு, டெஸ்க்டாப்பே போயிடுச்சு. கேமராவுல எல்லாம் பதிவாயிருக்கு. அப்போ நிறைய பேரு அவர கிண்டல் பண்ணாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. கோளாறு அன்னிக்கு அந்த ஸ்டீம் பேக்கேஜ் இருந்த விதத்துல. எச்சரிக்கை இருந்துச்சு, ஆனா ஒரு பெரிய பேர்க்குவியலுக்குள்ள இருந்துச்சு, அதுல எது டெஸ்க்டாப்னு புதுசா வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்? அதுக்கப்புறம் ஆப்ட்லயே மாத்துனாங்க, அந்த மாதிரி அத்தியாவசிய பேக்கேஜ நீக்கணும்னா தனியா ஒரு ஆப்ஷன் குடுத்தாத்தான் நடக்கும், ஒரு வாக்கியத்த டைப் பண்ணித் தாண்டிப் போக முடியாது. 2025ல வந்த ஆப்ட் 3.0ல பட்டியல நெடுவரிசைகளா பிரிச்சு, நீக்கப்படுறத சிவப்புல காட்டுறாங்க. இந்த மாற்றத்த நான் ரொம்ப மதிக்கிறேன், ஒரு டூல் எழுதுறவங்க பயன்படுத்துறவங்களோட கண்ண பத்தி யோசிச்சிருக்காங்க.

நிறுத்தி வைக்கப்பட்டிருக்குன்னு வர்றத பாத்து பயப்பட வேண்டாம். உபுண்டுவுல பல நேரம் அது அப்டேட்ட எல்லாருக்கும் ஒரே நாள்ல குடுக்காம கொஞ்சம் கொஞ்சமா விடுறதாலதான், நாளைக்கோ மறுநாளோ உங்க முறை தானா வரும். வலுக்கட்டாயமா இழுக்க வேண்டாம்.

ஒய் அழுத்தியாச்சு. ஃபைலெல்லாம் இறங்கும், அன்பேக்கிங்னு வரிகள் ஓடும், அப்புறம் செட்டிங் அப்னு ஓடும். இதுக்கு நடுவுல சில நேரம் எல்லாம் நின்னுபோய் ஒரு கேள்வி வரும், எனக்கு ஆப்ட்லயே பிடிச்ச இடம் அதுதான். நான் பாத்துக்கிற ஒரு சின்ன சர்வர டெபியன் 11லருந்து 12க்கு ஏத்துறப்போ லாக், அதாவது சிஸ்டம் எழுதி வைக்கிற பதிவு, எப்படி சேரணும்னு சொல்ற ஜர்னல்டி டாட் கான்ஃப் ஃபைல்ல வந்து நின்னுச்சு. லாக் டிஸ்க்க முழுங்கிடக்கூடாதுன்னு அந்த ஃபைல்ல அளவு வரம்பு ஒண்ணு போட்டு வெச்சிருந்தேன். இந்த ஃபைல நீங்களோ ஒரு ஸ்கிரிப்ட்டோ மாத்தியிருக்கீங்க, பேக்கேஜோட புதுசா ஒண்ணும் வந்திருக்கு, என்ன பண்ணட்டும்னு கேக்குது. ஒய் போட்டா புதுச வெச்சுக்கும், N போட்டா உங்க பழையதையே வெச்சுக்கும், டி போட்டா ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு காட்டும், இசட் போட்டா ஒரு ஷெல்ல, அதாவது கமாண்ட் அடிக்கிற இடத்த, திறந்து விடும், நீங்களே போய்ப் பாத்துட்டு வரலாம். சும்மா என்டர் தட்டினா உங்க பழையதுதான் நிக்கும்.

நான் எப்பவும் டி தான் போடுவேன். மைனஸ் போட்ட வரியில நான் போட்ட வரம்பு இருக்கு, ப்ளஸ் போட்ட வரிகள்ல புது வெர்ஷன்ல சேர்ந்த ஆப்ஷன்கள் ஹாஷ் குறியோட சும்மா கமெண்ட்டா இருக்கு. ஆக புதுசுல எனக்கு அவசியமானது எதுவும் இல்ல, என்னோடதே இருக்கட்டும்னு N போட்டேன். புது ஃபைல் தூக்கி எறியப்படாது, பக்கத்துலயே டிபிகேஜி டிஸ்ட்ங்கிற வாலோட உக்காந்திருக்கும். ஒய் போட்டிருந்தா என்னோடது டிபிகேஜி ஓல்டுன்னு பக்கத்துல இருந்திருக்கும். எந்தப் பக்கம் போனாலும் திரும்பி வர வழி வெச்சிருக்காங்க. பல வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒருத்தர், முகம் தெரியாத ஒரு ஆளு கையால எழுதின ஒரு வரி அழிஞ்சுடக்கூடாதேன்னு நினைச்சு இதக் கட்டியிருக்காரு. இவ்வளவு அக்கறையா கேக்குற கேள்விக்கு படிக்காம பதில் போடலாமா?

ரிமோட்டா ஒரு சர்வர்ல பண்றீங்கன்னா முதல்ல டீமக்ஸோ ஸ்க்ரீனோ திறந்துட்டு அதுக்குள்ள பண்ணுங்க. கனெக்‌ஷன் நடுவுல அறுந்தாலும் உள்ள வேலை ஓடிட்டே இருக்கும், மறுபடி போய் ஒட்டிக்கலாம். அடுத்த ரிலீஸுக்கு ஏத்துற உபுண்டுவோட டூ ரிலீஸ் அப்கிரேட் கமாண்ட்ட எஸ்எஸ்எச் (தூரத்து மெஷினுக்குள்ள போற வழி) வழியா ஓட்டினா, அவசரத்துக்கு இருக்கட்டும்னு 1022ங்கிற போர்ட்ல இன்னொரு எஸ்எஸ்எச்ச திறந்து வெக்கட்டுமான்னு கேக்கும், அதுக்கு ஃபயர்வால்லயும் வழி விட்டு வைங்க. அப்படியும் நடுவுல கரண்ட் போய் பாதியில நின்னுடுச்சுன்னா கலங்க வேண்டாம், எந்த பேக்கேஜ் எந்த நிலையில நிக்குதுன்னு டிபிகேஜி எழுதி வெச்சுக்கிட்டேதான் போகும், மறுபடி ஏறினதும் dpkg --configure -a கமாண்ட்ட ஓட்டினா பெரும்பாலும் விட்ட இடத்துலருந்து முடிச்சிடும்.

லாக் (lock, பூட்டு) கிடைக்கலன்னு ஒரு எரர் எல்லாருக்கும் வந்திருக்கும். நெட்ல தேடினா முதல்ல கிடைக்கிற பதில் அந்த லாக் ஃபைல டெலீட் பண்ணுங்கங்கிறதுதான். தயவுசெஞ்சு பண்ணாதீங்க. பின்னாடி இன்னொரு புரோக்ராம், பெரும்பாலும் தானா ஓடுற அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ், அதே டேட்டாபேஸ்ல எழுதிட்டு இருக்கு, அது முடியட்டும்னுதான் அந்தப் பூட்டு. புதுசா வர்ற ஆப்ட், பிடிச்சிருக்கிறது எந்த ப்ராசஸ்னு நம்பரோட சொல்லும், அத பாத்துட்டு சில நிமிஷம் காத்திருங்க, அவ்வளவுதான்.

எல்லாம் முடிஞ்சு ப்ராம்ப்ட் திரும்பி வந்துடுச்சு. இங்க நிறைய பேரு விட்டுடுற ஒரு விஷயம் இருக்கு. லினக்ஸ்ல ஓடிட்டு இருக்கிற புரோக்ராமோட ஃபைலயே மாத்த முடியும். புது ஃபைல் பக்கத்துல எழுதப்பட்டு, பழைய பேரு அதுக்கு மாத்தப்படும், ஆனா பழைய ஃபைல திறந்து வெச்சிருக்கிற ப்ராசஸ் அந்தப் பழசையே பிடிச்சுட்டு ஓடிட்டு இருக்கும். வேலை எதுவும் தடைபடாம அப்டேட் ஆகுறது இதனாலதான், ஆபத்தும் இதுலயேதான் இருக்கு. 2014 ஏப்ரல்ல ஹார்ட்ப்ளீட்ங்கிற பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்தப்போ, அது இருந்த ஓப்பன் எஸ்எஸ்எல்ங்கிற என்க்ரிப்ஷன் லைப்ரரிய அப்டேட் பண்ணிட்டோம்னு நிம்மதியா இருந்த சர்வர்ல, வெப் சர்வர ரீஸ்டார்ட் பண்ணாத வரைக்கும் மெமரியில ஓடினது ஓட்டை உள்ள பழைய லைப்ரரிதான். டிஸ்க்ல வெர்ஷன் நம்பர் புதுசா இருக்கும், உள்ள ஓடுறது பழசா இருக்கும். நீட்ரீஸ்டார்ட்னு ஒரு சின்ன டூல் இத கண்டுபிடிச்சு எந்தெந்த சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணணும்னு சொல்லிடும், உபுண்டு சர்வர்ல அது கூடவே வரும், டெபியன்ல நாம போட்டுக்கணும். கெர்னல் மாறினா ரீபூட்தான். உபுண்டுவுல வார் ரன் ஃபோல்டருக்குள்ள ரீபூட் ரிக்வயர்டுன்னு ஒரு ஃபைல் இருக்கான்னு பாத்தா தெரிஞ்சிடும்.

ரிலீஸ் விட்டு ரிலீஸ் ஏறுறது வேற கத. டெபியன்ல ஒரு ரிலீஸ தாண்டிக் குதிக்கக்கூடாது, 11லருந்து நேரா 13க்குப் போக முடியாது, 12ல கால் வெச்சுத்தான் போகணும். அவங்க ரிலீஸ் நோட்ஸ்ல சொல்ற முறை என்னன்னா, சோர்ஸ் ஃபைல்ல பேர மாத்திட்டு, அப்டேட் பண்ணி, முதல்ல புது பேக்கேஜ் எதுவும் சேக்காம ஒரு சின்ன அப்கிரேட், அது முடிஞ்சதும் ஃபுல் அப்கிரேட். அந்த ரிலீஸ் நோட்ஸ கண்டிப்பா படிக்கணும். 2023 ஜூன்ல 12 வந்தப்போ ஓப்பன் சோர்ஸா இல்லாத ஃபர்ம்வேர்ல (ஹார்டுவேருக்குள்ள ஓடுற சின்ன சாஃப்ட்வேர்) பெரும்பாலானத நான் ஃப்ரீ ஃபர்ம்வேர்னு ஒரு தனிப் பிரிவுக்கு மாத்தினாங்க. சோர்ஸ் வரியில அந்தப் பேர சேக்காம பழைய மாதிரியே விட்டிருந்தா மத்ததெல்லாம் ஏறிடும், வைஃபை கார்டுக்கான ஃபர்ம்வேர் மட்டும் பழசாவே நின்னுடும். ஒரே ஒரு வார்த்தைதான் சேக்க வேண்டியது, நோட்ஸ்ல தெளிவா எழுதியிருந்துச்சு. உபுண்டுல எல்டிஎஸ்லருந்து (பல வருஷம் அப்டேட் குடுக்கிற ரிலீஸ்) அடுத்த எல்டிஎஸ்ஸுக்கு, அதோட முதல் பாயிண்ட் ரிலீஸ் (திருத்தங்கள சேத்த பதிப்பு) வந்ததுக்கு அப்புறம்தான் வழி திறப்பாங்க, புது வெர்ஷன் வந்தும் எனக்கு இல்லைன்னு சொல்லுதேன்னு கேக்குறவங்களுக்கு பதில் அதுதான்.

மத்த சிஸ்டத்த பத்தி சுருக்கமா. ஃபெடோராங்கிற லினக்ஸ்ல 2015லருந்து யம்முங்கிற பழைய டூலுக்கு பதிலா டிஎன்எஃப், அதுல ஹிஸ்டரி அண்டூன்னு ஒண்ணு இருக்கு, ஒரு அப்டேட்ட அப்படியே திரும்ப எடுத்துடப் பாக்கும், ஆப்ட்காரனான எனக்கு அது மேல ஒரு ஏக்கம் உண்டு. ஆர்ச் லினக்ஸ்ல பேக்மேன்ங்கிற டூல், பட்டியல மட்டும் புதுசாக்கிட்டு ஒரே ஒரு பேக்கேஜ போடக்கூடாது, எல்லாத்தையும் சேத்து ஏத்தணும், இல்லன்னா லைப்ரரிங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. மேக்ல சாஃப்ட்வேர்அப்டேட்னே ஒரு கமாண்ட் இருக்கு. விண்டோஸ்ல விங்கெட் ஆப்கள அப்டேட் பண்ணும், விண்டோஸ அப்டேட் பண்ணாது, இத குழப்பிக்கக்கூடாது.

உடனே போடணுமா கொஞ்சம் பொறுத்துப் போடணுமாங்கிறது எப்பவும் வர்ற கேள்வி. ஃபைல பூட்டிட்டு காசு கேக்குற வான்னாக்ரை 2017 மே 12 அன்னிக்கு பரவினப்போ அதுக்கான விண்டோஸ் பேட்ச் மார்ச் 14லயே வந்திருந்துச்சு, பெரும்பாலும் ரெண்டு மாசம் போடாம இருந்தவங்கதான் மாட்டினாங்க. இன்னொரு பக்கம் 2024 மார்ச்ல எக்ஸ்இசட்ங்கிற, ஃபைல சுருக்குற லைப்ரரியோட 5.6.0, 5.6.1 வெர்ஷன்ல யாரோ வேணும்னே ஒரு பின்கதவ வெச்சது தெரிஞ்சுது. எஸ்எஸ்எச் லாகின் அரை செகண்ட் கூடுதலா எடுக்குதேன்னு ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட்ங்கிற டெவலப்பர் நோண்டிப் பாத்துதான் அது வெளிய வந்துச்சு. அப்போ அது டெபியன் ஸ்டேபிளுக்கு வரல, இன்னும் சோதனையில இருக்கிற டெஸ்டிங், அன்ஸ்டேபிள், எக்ஸ்பெரிமெண்டல் இந்த மூணுலயும்தான் இருந்துச்சு. இந்த ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு நான் எடுத்த முடிவு, ஸ்டேபிள்ல இருக்கணும், அதுல வர்ற செக்யூரிட்டி அப்டேட்ட தள்ளிப்போடவே கூடாது. புது ஃபீச்சருக்கு அவசரமே இல்ல.

அதனால என் சர்வர்ல செக்யூரிட்டி அப்டேட்ட அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் தானா போட்டுக்கும், மத்தது எல்லாம் நான் உக்காந்து படிச்சுட்டு கையால போடுறது. தானா போனத வார் லாக் ஆப்ட் ஃபோல்டர்ல இருக்கிற ஹிஸ்டரி லாக்ல போய்ப் பாப்பேன். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த பேக்கேஜ் எந்த வெர்ஷன்லருந்து எதுக்குப் போச்சு, எந்த கமாண்டால போச்சுன்னு எல்லாம் அதுல இருக்கும். நேத்து வரைக்கும் ஓடினது இன்னிக்கு ஓடலன்னு யாராவது என்கிட்ட வந்தா நான் முதல்ல திறக்கச் சொல்றது அந்த ஃபைலத்தான்.